எத்தனை நாளில் துண்டு வெட்டுவார்கள்?

முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்ட குடும்பத்தில் முதலில் எழும் வினா சத்திரசிகிச்சையைப் பற்றியதாக இருப்பதில்லை. எத்தனை நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள் என்பதே அந்த வினா. இதனை மருத்துவ அறியாமை என்று எவரும் எண்ணிவிடலாகாது. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். கொழும்பு தேசிய வைத்தியசாலை என்றால் ஓர் இரவுப் பயணம். துணைக்குச் செல்பவர் எத்தனை நாள் கூலியை இழப்பார், அவர் எங்கே தங்குவார், வீட்டில் விடப்படும் சிறுவர்களை யார் பார்த்துக்கொள்வார், காலபோக அறுவடைக்கு முன் திரும்பிவிட முடியுமா என்பன அனைத்தும் அந்த ஒரு வினாவுக்குள் அடங்கியுள்ளன. "ஐந்தாறு நாள் ஆகலாம், பார்ப்போம்" என்ற விடையுடன் மாஞ்சோலைக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்துக் குடும்பம் எதைத்தான் திட்டமிடுவது?

இதே வினாவை உலகின் பெரிய வைத்தியசாலைகளும் தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நோயாளர் விடுதியில் தங்கும் நாட்களை முன்கூட்டியே மதிப்பிடுவது இன்று ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்துவிட்டது. அந்த ஆய்வுகளிலிருந்து வன்னி மக்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது எது, அப்படியே இறக்குமதி செய்தால் எது பிழைத்துப்போகும் என்பதை இங்கு நோக்குவோம்.

இன்று நாமறிந்த வடிவிலான முழு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு வழிவகுத்த செயற்கை மூட்டு, ஜோன் இன்சால் என்ற சத்திரசிகிச்சை நிபுணராலும் அவரது சகாக்களாலும் 1974இல் நியூயோர்க்கில் பயன்பாட்டுக்கு வந்தது. அக்காலத்தில் சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று வாரங்கள் விடுதியில் கிடப்பது வழமை. புதிய மூட்டை ஆறவிட வேண்டும், ஆறவிட அசையாதிருக்க வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். இந்த எண்ணத்தை அசைத்தது மருத்துவம் மாத்திரமன்று, பணமும்தான். அமெரிக்க அரசின் முதியோர் காப்புறுதித் திட்டமான மெடிகெயார், தங்கிய நாட்களுக்கு ஏற்பப் பணம் செலுத்துவதைக் கைவிட்டு, நோயின் வகைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை வழங்கும் முறையை 1983இல் தொடங்கியது. அதன் பின்னர் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் நோயாளர் வைத்தியசாலைக்கு நட்டமானார். நாட்கள் குறையத் தொடங்கின.

ஆனால் இதனை மருத்துவ நியாயத்துடன் செய்து காட்டியவர்கள் டென்மார்க் நாட்டவர்களே. ஹென்றிக் கெலெற் என்ற பேராசிரியர் 1990களில் முன்வைத்த விரைவு மீட்சி முறையின் அடிப்படை மிக எளிமையானது. இந்த நோயாளர் இன்றும் ஏன் விடுதியில் இருக்கிறார் என்று ஒவ்வொரு நாளும் கேட்பதே அது. வலியா, தலைச்சுற்றா, காலில் வலுவின்மையா, வாந்தியா, அல்லது வெறும் வழக்கமா? ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே பிரித்து அதற்கு மருந்தோ மாற்று ஏற்பாடோ தேடினார்கள். முள்ளந்தண்டில் ஊசியேற்றி இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்தல், மூட்டைச் சுற்றியே வலிநீக்கி மருந்தைச் செலுத்துதல், குருதி இழப்பைக் குறைக்கும் மருந்து, சத்திரசிகிச்சை நாளன்றே எழுந்து நிற்கவைத்தல் என்பன அவ்வாறு வழமையாகின. 2000ஆம் ஆண்டளவில் பத்து நாட்களாக இருந்த சராசரித் தங்கல், பத்து ஆண்டுகளுக்குள் நான்கு நாட்களளவுக்கு வந்தது. 2018 ஜனவரியில் மெடிகெயார் முழங்கால் மாற்றை விடுதியில் தங்கியே செய்ய வேண்டிய சிகிச்சைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. காலையில் சத்திரசிகிச்சை, மாலையில் வீடு என்பது இன்று அங்கே தெரிவுசெய்யப்பட்ட நோயாளருக்கு நடைமுறைச் சாத்தியமாகிவிட்டது.

தெரிவுசெய்யப்பட்ட நோயாளர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எவரை விரைவாக அனுப்பலாம், எவரை அனுப்பக்கூடாது என்று முன்கூட்டியே அறியும் தேவை அங்கேதான் பிறக்கிறது. அவசரப்பட்டு அனுப்பினால் காலில் குருதி உறைந்தோ, காயத்தில் கிருமி தொற்றியோ, வீட்டில் விழுந்தோ அவர் திரும்பி வருவார். தேவையின்றி வைத்திருந்தாலும் கேடுதான். படுக்கையில் கிடப்பதே குருதி உறைவுக்கும் நெஞ்சுச் சளிக்கும் இடமளிக்கும். அத்துடன் எமது அரசாங்க வைத்தியசாலைகளைப் பொறுத்தவரை, வெறுமையாகும் ஒவ்வொரு கட்டிலும் காத்திருப்போர் பட்டியலில் உள்ள இன்னொருவருக்குரியது.

மதிப்பீடு எவ்வாறு செய்யப்படுகிறது? முதலில் சராசரி என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: பத்துப் பேரில் ஏழு பேர் நான்காம் நாளும் இருவர் ஆறாம் நாளும் வீடு செல்கின்றனர், ஒருவருக்குக் காயம் பழுதாகி அவர் இருபத்திரண்டு நாட்கள் தங்குகிறார். சராசரி ஆறு நாட்களுக்குச் சற்று மேல். ஆனால் பத்தில் ஏழு பேர் நான்காம் நாளே போய்விட்டார்கள். அந்த ஒருவருக்கோ ஆறு நாள் என்ற விடை எவ்வகையிலும் பயன்படவில்லை. தங்கல் நாட்களின் இயல்பே இதுதான். பெரும்பாலோர் ஓரிடத்தில் திரண்டிருப்பர், சிலர் வெகுதூரம் இழுபடுவர். ஆகவே அண்மைக்கால ஆய்வுகள் பல இத்தனை நாள் என்று சொல்வதை விடுத்து, வழமையைவிட நீண்ட நாள் தங்கக்கூடியவர் யார் என்பதைக் கண்டறியவே முயல்கின்றன.

அதற்கு அவை எடுத்துக்கொள்ளும் விடயங்களுள் பல நாமும் ஊகிக்கக்கூடியவையே. வயது, உடற்பருமன், நீரிழிவு, இருதய நோய், மயக்கமருந்து வைத்திய நிபுணர் முன்கூட்டியே இடும் உடல்நிலைத் தரம் என்பன அவற்றுட் சில. குருதிச்சோகை மிக முக்கியமானது. பெண்களில் ஹீமோகுளோபின் அளவு 12 கிராமுக்கும் ஆண்களில் 13 கிராமுக்கும் கீழே இருந்தால், சத்திரசிகிச்சைக்குப் பின் குருதி ஏற்றவேண்டி வரும் வாய்ப்பும் எழுந்து நடக்கத் தாமதமாகும் வாய்ப்பும் கூடுகின்றன. இதில் நல்ல செய்தி, வயதைப் போலன்றிக் குருதிச்சோகையைத் திகதி வருமுன்னரே திருத்தலாம் என்பதே. எமது பிரதேசத்துக்கு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு டைக்ளோபெனாக் போன்ற வழமையான வலிநீக்கிகளைக் கொடுக்க முடியாது. வலி தணியாவிடின் நடை வராது. நடை வராவிடின் துண்டு வெட்டமாட்டார்கள்.

நாம் ஊகிக்காத ஒன்றும் உண்டு. சத்திரசிகிச்சை நடைபெறும் கிழமையும் நாட்களைத் தீர்மானிக்கிறது. வாரக் கடைசியில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர், வாரத் தொடக்கத்தில் செய்யப்பட்டவரைவிட நீண்ட நாள் தங்குவது பல நாடுகளில் அவதானிக்கப்பட்டுள்ளது. முழங்காலுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. சனி ஞாயிறுகளில் நடைபழக்கும் இயன்மருத்துவர் குறைவு, வீட்டுக்கு அனுப்பும் முடிவை எடுக்கும் நிபுணர் குறைவு என்பதே காரணம். எனவே பழைய பதிவுகளைக் கொண்டு கணினிக்குக் கற்பிக்கும்போது, அது நோயாளரின் உடலைப் பற்றி மட்டும் கற்றுக்கொள்வதில்லை. அந்த வைத்தியசாலையின் பழக்கவழக்கங்களையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. இயந்திரக் கற்றல் என்ற பெயரில் இன்று வெளிவரும் கணிப்பு முறைகள் தாம் உருவான வைத்தியசாலையில் நன்றாகவும் வேறோர் இடத்தில் மந்தமாகவும் இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். யாழ்ப்பாணத்து விடுதியொன்றின் நாட்களை நியூயோர்க்கின் பதிவுகள் சொல்லிவிடும் என எதிர்பார்ப்பது, அயலூர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எமது குளத்துக்கு நீர்வரத்துச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கணினி எதுவுமின்றி, ஒரு தாளில் ஆறு வினாக்களுடன் செய்யக்கூடிய மதிப்பீடு ஒன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த லியோனி ஓல்ட்மீடோவும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட இந்த முறை, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டவர் நேரே வீடு செல்வாரா அல்லது நீண்ட புனர்வாழ்வுப் பராமரிப்பு அவருக்குத் தேவைப்படுமா என்பதை மதிப்பிடுவதற்காக உருவாக்கப்பட்டது. பின்னர் தங்கல் நாட்களைக் கணிக்கவும் பல இடங்களில் பயன்படுத்தப்பட்டது. மொத்தப் புள்ளிகள் பன்னிரண்டு. வயது 65 வரையாயின் இரண்டு, 66 முதல் 75 வரையாயின் ஒன்று, அதற்கு மேல் பூச்சியம். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. இரண்டு தெருத்துண்டு தூரமோ அதற்கு மேலோ நடப்பவருக்கு இரண்டு, அதற்குக் குறைவாக நடப்பவருக்கு ஒன்று, வீட்டுக்குள்ளேயே அடங்கியவருக்கு ஒன்றுமில்லை. ஊன்றுகோல் இன்றி நடந்தால் இரண்டு, ஒரு தடியுடன் நடந்தால் ஒன்று. வெளியிலிருந்து வந்து உதவும் பராமரிப்புச் சேவை வாரத்தில் ஒன்றுக்கு மேற்படாவிட்டால் ஒன்று. இறுதியாக, வீடு திரும்பியபின் பராமரிக்கக்கூடிய ஒருவர் கூட இருக்கிறாரா? ஆம் எனில் மூன்று, இல்லையெனில் பூச்சியம். கூட்டுத்தொகை ஆறுக்குக் கீழாயின் நீண்ட பராமரிப்பு தேவைப்படும். ஆறு முதல் ஒன்பது வரையாயின் மேலதிக ஏற்பாடுகளுடன் வீடு செல்லலாம். அதற்கு மேலாயின் நேரே வீடுதான்.

இந்த ஆறு வினாக்களுள் மிகக் கூடிய புள்ளி கடைசி வினாவுக்கே வழங்கப்பட்டிருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பர். புதுக்குடியிருப்பில் தனியே வாழும் 68 வயதுப் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு தடியுடன் ஒழுங்கை முனைவரை நடக்கிறார். வயதுக்கு ஒன்று, பெண் என்பதற்கு ஒன்று, நடைக்கு ஒன்று, தடிக்கு ஒன்று, வெளிச்சேவை எதுவும் வராமைக்கு ஒன்று, துணைக்குப் பூச்சியம், மொத்தம் ஐந்து. வேறு மாவட்டத்தில் மணமுடித்த மகள் ஆறு வாரங்களுக்கு வந்து நிற்கச் சம்மதித்தால் அதே பெண்மணிக்கு எட்டு. அவரது எலும்பிலோ குருதியிலோ தசையிலோ எதுவும் மாறவில்லை. ஆயினும் அவர் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குச் சென்றுவிட்டார்.

வன்னியில் இந்த மூன்று புள்ளிகளின் கனம் வேறு எங்கும் இருப்பதைவிட அதிகமானது. 2009இல் முள்ளிவாய்க்காலுடன் முடிந்த போர் எத்தனை வீடுகளில் துணையின்றிப் பெண்களை விட்டுச்சென்றது என்பதை இங்கு விபரிக்க வேண்டியதில்லை. கணவனையும் மகனையும் இழந்தவர், பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட்டவர், இளையோர் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ தொழிலுக்குச் சென்றுவிட்டவர் எனக் கரைதுறைப்பற்றிலும் ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் எத்தனை பேர்! போர்க்காலத்தில் விறகும் தண்ணீரும் மூட்டை முடிச்சுகளும் சுமந்து இடம்விட்டு இடம்பெயர்ந்த தலைமுறையின் முழங்கால்களே இப்போது தேய்ந்து வருகின்றன. அந்த முழங்கால்களை மாற்றும்போது உடன் நிற்க ஆள் இல்லை என்பதே இங்குள்ள சிக்கல்.

அதே தாளின் ஐந்தாவது வினாவைப் பாருங்கள். வெளிப் பராமரிப்புச் சேவை வராதவருக்கு அது புள்ளி வழங்குகிறது. மெல்பேர்ணில் அதற்குப் பொருளுண்டு. அங்கே வீட்டுக்குத் தாதியும் உணவும் வருவது இயலாதோருக்கே. எவரும் வரவில்லையென்றால் அவர் தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடியவர் என்பது விளக்கம். முல்லைத்தீவில் எவரும் வராமைக்குக் காரணம் அனுப்ப அத்தகைய சேவை இல்லாமையே. அங்கே வலுவைக் குறிக்கும் விடை இங்கே வறுமையைக் குறிக்கிறது. ஆகவே நமது கற்பனைப் பெண்மணிக்குக் கிடைத்த ஐந்தில் ஒரு புள்ளி பொய்ப் புள்ளி.

இறக்குமதி செய்யப்படும் மதிப்பீடுகள் கேளாத வினாக்களும் உண்டு. ஒரு காலை மிதிவெடியிலோ எறிகணையிலோ இழந்தவர், பல ஆண்டுகளாக முழுப் பாரத்தையும் மற்றக் காலிலேயே சுமத்துகிறார். அந்த முழங்கால் பிறரைவிட விரைவில் தேய்கிறது. அதனை மாற்றிய மறுநாள் அவர் எந்தக் காலை ஊன்றி நடை பழகுவார்? இரும்புத் துண்டுகள் பாய்ந்து முறிந்து பொருந்திய முழங்கால், வயதால் தேய்ந்த முழங்காலைப் போன்றதன்று. விறைப்பும் கிருமித்தொற்றும் அதில் ஏற்படும் அபாயம் அதிகம். ஐம்பது வயதையும் எட்டாத இத்தகையோர், வயதைப் பெரிதாக எண்ணும் கணக்குகளில் விரைவில் வீடு செல்வோராகவே தோன்றுவர்.

வீட்டின் அமைப்பும் கேட்கப்பட வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடம், வாளியால் நீர் அள்ளும் கிணறு, நிலத்தில் பாய், கால் புதையும் மணல் முற்றம் ஆகியவை உள்ள வீட்டுக்கு மூன்றாம் நாளில் ஒருவரை அனுப்புவது எளிதன்று. மலசலகூடத்துக்கு ஒரு கொமட் கதிரையும் படுக்க உயரமான கட்டிலும் முன்கூட்டியே கிடைத்தால் அதே வீட்டுக்கு அவரை அனுப்பலாம். வைத்தியசாலையில் ஒரு நோயாளர் தங்கும் மேலதிக நாட்களின் செலவை இலவச சுகாதார சேவை சுமப்பதால், அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

வழிபாடும் இதில் சேரும். சுஜூதுக்கும் இருப்புக்கும் மடங்காத முழங்கால்களுடன் பள்ளிவாசலுக்குச் செல்லத் தயங்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர். நிற்கவோ மடங்கவோ இயலாதவர் கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே மௌலவியோ வைத்தியரோ எடுத்துச் சொன்னால், புதிய மூட்டை அவசரமாக மடக்க முயன்று அவதியுறுவது தவிர்க்கப்படும். நீரிழிவுள்ளவர் நோன்பு காலத்தை ஒட்டிய திகதியைப் பற்றி முதலிலேயே கதைத்துக்கொள்வது நலம். வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு எப்படியும் நடந்து செல்வேன் என்று நேர்ந்திருப்பவருக்கும் இது பொருந்தும். நேர்த்தியை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை; திகதியை மாற்றலாம்.

முல்லைத்தீவு முஸ்லிம்களைப் பொறுத்தவரை, உடன் வசிப்பவர் யார் என்ற வினாவுக்கே நேரான விடை கிடையாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் வாழ்ந்து, போருக்குப் பின் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் ஹிஜ்ராபுரத்துக்கும் மீண்டவர்களில் பலரது குடும்பங்கள் இன்னும் இரண்டு மாவட்டங்களில் பிரிந்தே கிடக்கின்றன. பெரியவர் நீராவிப்பிட்டியில், மகள் புத்தளத்தில். துண்டு வெட்டப்பட்டவர் எங்கே செல்வது? புத்தளம் சென்றால் கவனிக்க ஆளுண்டு; ஆனால் தையல் பிரிப்பதற்கும் நடைப்பயிற்சிக்கும் அவரை அறிந்த வைத்தியசாலை வேறொரு மாகாணத்தில். இதனை விடுதியில் மூன்றாம் நாள் கேட்பதில் பயனில்லை. திகதி குறிக்கும்போதே கேட்டு, செல்லும் ஊரின் வைத்தியசாலைக்கு அப்போதே கடிதம் கொடுக்க வேண்டும்.

இத்தகைய மதிப்பீடுகளில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. தங்கல் நாட்கள் குறைந்த வைத்தியசாலையே திறமையானது என்று மேலிடம் அளக்கத் தொடங்கினால், ஐந்து புள்ளி பெற்ற பெண்மணியைப் பட்டியலின் அடிக்குத் தள்ளுவதே எளிய வழியாகிவிடும். அவருக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். திகதி மட்டும் தள்ளிக்கொண்டே போகும். தனித்தவர், ஏழை, அங்கவீனர் ஆகியோரே எப்போதும் குறைந்த புள்ளி பெறுவர். புள்ளி குறைந்தவருக்கு ஏற்பாட்டைக் கூட்டுவதற்கு இந்தத் தாளைப் பயன்படுத்தலாம், ஆளைத் தெரிவதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பதே எமது நிலைப்பாடு.

ஏற்பாடு என்பது பெரிய திட்டங்களைக் குறிப்பதன்று. மாஞ்சோலையிலுள்ள மாவட்ட பொது வைத்தியசாலையின் கிளினிக்கிலிருந்து ஒருவர் மூட்டு மாற்றுக்காக அனுப்பப்படும்போதே ஹீமோகுளோபின், குருதிச் சீனி, சிறுநீரகச் சோதனை ஆகியவற்றைச் செய்து, திருத்த வேண்டியதைக் காத்திருக்கும் மாதங்களிலேயே திருத்தலாம். தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியை அப்போதே இயன்மருத்துவர் பழக்கலாம். துணைக்கு எவருமில்லாதவரை, பெரிய வைத்தியசாலையில் நான்காம் நாள் நிலைமை சீரானதும், வீட்டுக்கன்றி மாஞ்சோலைக்கே மாற்றி, சொந்த மாவட்டத்து விடுதியில் ஒரு வாரம் நடை பழகச் செய்யலாம். அங்கே அயலவர் வந்து பார்ப்பர். யாழ்ப்பாணத்துக் கட்டில் இன்னொருவருக்குக் கிடைக்கும். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் அவசர நோயாளருக்குரியது என்பதால், இத்தகைய இடமாற்றத்துக்கு வைத்தியசாலைகள் தமது வாகனங்களையே ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கும்.

எமது நோயாளரைப் பற்றி எமது பதிவுகளிலிருந்தே கணிக்க வேண்டுமாயின், பதிவு முறையிலும் ஒரு சிறு மாற்றம் தேவை. இப்போது கட்டில் தலைமாட்டு ரிக்கற்றில் அனுமதிக்கப்பட்ட திகதியும் வெளியேறிய திகதியும் உள்ளன. அவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது திகதி ஒன்று வேண்டும். காயம் உலர்ந்து, வலி குளிசைக்கு அடங்கி, கட்டிலிலிருந்து தானே எழுந்து நடக்கும் நிலையை நோயாளர் அடைந்த நாள் அது. அந்த நாளுக்கும் வெளியேறிய நாளுக்கும் இடையே மூன்று நாட்கள் கழிந்திருந்தால், காரணத்தை ஒரு சொல்லில் எழுதினால் போதும்: வாகனம், துணை, ஞாயிற்றுக்கிழமை, மலசலகூடம்.